திரும்பி வருகிற உடம்பு: எடைக்குறைப்பு வணிகத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2025 மே மாதம் வெயிட் வாட்சர்ஸ் என்கிற அமெரிக்க நிறுவனம் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 115 கோடி டாலர் கடனைத் தலையிலிருந்து இறக்கி வைப்பது நோக்கம். இறக்கி வைத்துவிட்டு அடுத்த மாதமே வெளியே வந்தும்விட்டது. அளவோடு சாப்பிடு, தின்றதை எழுதி வை, உன்னை நீயே ஆள் என்று 1963இலிருந்து ஊருக்கு உபதேசம் பண்ணிய நிறுவனத்துக்குத் தன் கணக்கை ஆளத் தெரியவில்லை என்று கிண்டலடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அறுபது வருஷமாக லட்சக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், வாரா வாரம் கட்டிய காசு எங்கே போச்சு? அதற்குப் பதிலாக அவர்கள் வாங்கியது என்ன?

'எடைக்குறைப்புத் திட்டங்களுக்குக் காசு கொடுப்பது தகுமா?' என்கிற கேள்வியை வழக்கமாக நுகர்வோர்தான் கேட்கிறார். சோப்பு வாங்குகிற மாதிரி. ஒரு கிலோவுக்கு எவ்வளவு விழுது, எந்தக் கம்பெனி மலிவு? இந்தக் கேள்வியை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு எண்களில் பதில் இருக்கிறது, கீழே பார்ப்போம். ஆனால் சரக்குக்கு விலை மதிப்பிடுவதற்கு முன்னால் அது யாருடைய சரக்கு, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்ப்பது நல்லது. வெயிட் வாட்சர்ஸ் விற்றவை இரண்டு. ஒன்று, அரசு மருத்துவ நிலையத்தில் கிடைத்த ஓர் உணவுப் பட்டியல். இன்னொன்று, பெண்கள் தமக்குள் கூடிப் பேசிய ஒரு கூட்டம். இரண்டுமே நிறுவனம் உண்டாக்கியவை அல்ல. இந்தக் கட்டுரை அந்தக் கைமாற்றத்தின் கதை.

1. எடை எப்படிக் கணக்கானது

உடம்பு பெருத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அதைக் குறைப்பதற்குக் காசு வாங்குகிற தொழில் அவ்வளவு பழசில்லை. 1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ஒரு சிறு பிரசுரம் போட்டார். சவ அடக்கம் செய்கிற தொழில் அவருக்கு. அரச குடும்பத்துச் சாவுகளையே எடுத்து நடத்திய வீடு அது. 202 பவுண்டு, அதாவது 92 கிலோ எடை. காது மந்தமானதால் வில்லியம் ஹார்வி என்கிற காது மருத்துவரிடம் போக, அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உடம்பு இளைத்தது. கிழவருக்குச் சந்தோஷம். தனக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி, முதல் இரண்டு பதிப்புகளையும் சும்மாவே கொடுத்தார். அவர் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக ஆச்சு. ஸ்வீடிஷ் மொழியில் உணவைக் கட்டுப்படுத்தி இளைப்பதற்கு இன்றைக்கும் 'பாண்டா' என்றுதான் சொல்கிறார்கள். தொடக்கத்தில் இந்த அறிவு இலவசமாகக் கைமாறியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இலவச அறிவைக் கணக்காக மாற்றியவர் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். அவருடைய உணவுக் கட்டுப்பாட்டு நூல் 1918இல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. கலோரி என்கிற ஆய்வுக்கூடச் சொல்லை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தவர் அவர். இனிமேல் ரொட்டித் துண்டு என்று பார்க்காதே, இத்தனை கலோரி ரொட்டி என்று பார் என்பது அவருடைய போதனை. இளைக்க விரும்புகிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரி. அது முதல் உலகப் போர்க்காலம். அமெரிக்காவில் உணவைச் சேமிப்பது தேசக் கடமையாக இருந்தது. பீட்டர்ஸ் ஜெர்மன் மன்னன் கெய்சருக்கு எதிரான எடைக் கண்காணிப்பு வகுப்புகளை ஊருக்கு ஊர் தொடங்கச் சொன்னார். பெருத்த உடம்பு என்பது தானியத்தைப் பதுக்கி வைத்திருக்கிற உடம்பு. போருக்குத் துரோகம் செய்கிற உடம்பு. அழகு, ஆரோக்கியம் என்பவற்றோடு தேசம் என்கிற மூன்றாவது அதிகாரமும் பெண்ணின் தட்டுக்குள் கைவிட்டது இப்படித்தான்.

அடுத்து வருவது காப்பீட்டு நிறுவனம். மெட்ரோபாலிட்டன் லைஃப் என்கிற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940களின் தொடக்கத்தில் உயரத்துக்கேற்ற 'இலட்சிய எடை' அட்டவணைகளை வெளியிட்டது. அதன் புள்ளியியலாளர் லூயி டப்ளின் இதில் முக்கியமானவர். பாலிசி எடுத்தவர்களில் யார் சீக்கிரம் சாகிறார்கள், யாரால் கம்பெனிக்கு நஷ்டம் என்று பார்ப்பதற்காகச் சேகரித்த கணக்கு அது. பாலிசி எடுக்க வசதி உள்ளவர்கள் யார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கணக்கு மருத்துவர் அறைச் சுவரில் தொங்கி, எல்லா உடம்புக்கும் அளவுகோலாக ஆகிப்போனது. 1998 ஜூனில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 'அதிக எடை' என்பதற்கான உடல் நிறைக் குறியீட்டை 25க்கு இறக்கியபோது ஒரு கிராம்கூடக் கூடாத கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். அளவுகோல் நகர்ந்தால் சந்தையும் நகரும்.

2. குவீன்ஸில் ஒரு வீட்டுக்கூடம்

ஜீன் நைடிச் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் குடியிருந்த இல்லத்தரசி. 1961இல் அவர் எடை 214 பவுண்டு, சுமார் 97 கிலோ. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடல்பருமன் நிலையத்துக்குப் போனார். அந்தத் துறையின் ஊட்டச்சத்துப் பிரிவுத் தலைவராக இருந்த நார்மன் ஜோலிஃப் வகுத்த உணவுத் திட்டம் அங்கே கிடைத்தது. மீன், காய்கறி, பழம், அளந்த ரொட்டி, எண்ணெய் குறைவு. நகர மக்களின் வரிப்பணத்தில் உருவான பட்டியல்.

பட்டியல் நன்றாகத்தான் இருந்தது. எடை இறங்கவும் செய்தது. ஆனால் நைடிச்சுக்கு ஒரு ரகசியம் இருந்தது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்கிற பழக்கம். நிலையத்தில் வகுப்பு நடத்தியவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. ஒல்லியான, கண்டிப்பான அந்த அம்மாளிடம் பொய்தான் சொல்ல முடிந்தது. சொல்ல ஆள் தேடி, பருத்த உடம்புள்ள ஆறு சிநேகிதிகளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பிஸ்கட் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மற்றவர்களும் அவரவர் ரகசியத்தைச் சொன்னார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள், இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு. நைடிச் 72 பவுண்டு இளைத்து 64 கிலோ சுமாருக்கு வந்தார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசு நிலையம் சரியான பட்டியலைக் கொடுத்தது, மரியாதையைக் கொடுக்கவில்லை. பெண் வாய் திறந்து பேசக்கூடிய இடமாக அது இல்லை. அந்த இடைவெளியில் பெண்கள் தாமாகவே ஒரு கூட்டத்தைக் கட்டிக்கொண்டார்கள். புறநகர் வீடுகளில் குழந்தைகளோடும் குளிர்சாதனப் பெட்டியோடும் அடைந்து கிடந்த பெண்கள், தங்கள் உடம்பைப் பற்றி டாக்டரும் புருஷனும் இல்லாத அறையில் பேசிய கூட்டம். 1960களின் கடைசியில் அமெரிக்கப் பெண்ணியக் குழுக்கள் இதே மாதிரி வீட்டுக்கூடங்களில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பேசி அரசியலாக்கின. குவீன்ஸ் கூட்டம் அந்தத் திசையில் போகவில்லை. அதை வேறொருவர் வந்து வேறு திசையில் கூட்டிப்போனார்.

ஆல்பர்ட் லிப்பெர்ட், ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர். அவரும் மனைவி ஃபெலிஸும் நைடிச்சின் கூட்டத்துக்கு வந்து இளைத்தவர்கள். இதை ஏன் ஒரு கம்பெனியாக நடத்தக் கூடாது என்று கேட்டவர் ஆல்பர்ட். 1963 மே மாதம் நிறுவனம் பதிவானது. லிட்டில் நெக் என்கிற இடத்தில் ஒரு சினிமா தியேட்டருக்கு மேல்மாடியில் முதல் பொதுக்கூட்டம். கட்டணம் 2 டாலர், அன்றைய சினிமா டிக்கெட் அளவுக்கு. கிளை உரிமை விற்று விற்று வளர்ந்து 1968இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பத்தாவது ஆண்டு விழாவை 1973இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆயிரக்கணக்கானோர் கூட நடத்தினார்கள்.

இப்படித்தான் ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. 1948இலேயே மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் என்கிற பெண் டாப்ஸ் என்ற எடைக்குறைப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். லாப நோக்கம் இல்லாதது, சந்தா சொற்பம், இன்றைக்கும் இருக்கிறது. அதையும் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆரம்ப காலத்தில் எடை கூடியவரைப் பன்றி என்று சொல்லி எல்லோர் முன்னாலும் கேலி செய்கிற வழக்கம் அங்கே இருந்தது. லாபம் இல்லாத இடத்திலும் அவமானம் இருக்கலாம். ஆனால் கூட்டம் நடத்தக் கம்பெனி தேவையில்லை என்பதற்கு அது சாட்சி.

3. தராசும் பாவசங்கீர்த்தனமும்

கூட்டத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். வந்தவுடன் தராசில் ஏற வேண்டும். எண் ஒரு சிறு புத்தகத்தில் பதிவாகும். பிறகு உட்கார்ந்து, இந்த வாரம் எங்கே தவறினேன் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர் முன்பு தானும் அதே பாவத்தைச் செய்து மீண்டவர். இளைத்தவருக்குக் கைதட்டல். மற்றவருக்கு ஆறுதல், புத்திமதி, அடுத்த வாரம் என்கிற நம்பிக்கை. கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிற யாருக்கும் இது பழகிய சடங்கு.

பாவசங்கீர்த்தனம் கோயிலை விட்டு வெளியே வந்து மருத்துவத்திலும் கல்வியிலும் குடும்பத்திலும் பரவியதை மிஷேல் ஃபூக்கோ 1976இல் வெளிவந்த பாலியல் வரலாற்று நூலின் முதல் பாகத்தில் விவரித்தார். தன்னைப் பற்றிய உண்மையைத் தானே சொல்லச் சொல்ல ஒருவர் அதிகாரத்துக்கு உட்பட்ட தன்னிலையாக ஆகிறார் என்பது அவர் வாதம். எடைக்குறைப்புக் கூட்டம் இந்த வாதத்துக்கு நல்ல உதாரணம், ஒரு திருத்தத்தோடு. கோயிலில் பாவமன்னிப்புக்கு அப்புறம் பாவம் தீர்ந்தது. இங்கே தீர்வதில்லை. உடம்பு அடுத்த வாரமும் தராசில் ஏறுகிறது. இலக்கு எடையைத் தொட்டவரும் வாழ்நாள் உறுப்பினராக மாதம் ஒருமுறை வந்து தராசில் ஏற வேண்டும். கூடிப்போனால் மறுபடியும் கட்டணம். இங்கே மேய்ப்பர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார், ஆடு சந்தா கட்டுகிறது.

அந்த மேய்ப்பருக்கும் பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. கூட்டத் தலைவிகள் எல்லோரும் முன்னாள் உறுப்பினர்கள். ஒரு கூட்டத்துக்கு 18 டாலர் அடிப்படைக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று 2013இல் அவர்கள் பகிரங்கமாகக் குறை சொன்னார்கள். உறுப்பினருக்குப் போன் போட்டுப் பேசுவது, அழுகிறவரைத் தேற்றுவது எல்லாம் அன்பின் கணக்கில் போய்விட்டன. எது இந்தத் திட்டத்தை உயிரோடு வைத்திருந்ததோ அதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லை.

இந்தச் சடங்குக்குள் பெண்கள் ஏமாந்து கிடந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பலருக்கு வாரத்தில் வீட்டைவிட்டு வெளியே வர அது ஒரு சாக்கு. சிநேகிதம் கிடைத்தது. சமையலைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேச முடிந்தது. அவர்கள் காசு கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். நம்முடைய விமர்சனம் அவர்களைப் பற்றியதாக இருக்க முடியாது.

4. கிலோ கணக்கு

சரி, காசு கொடுத்தா குறையுதா? குறையுது. கொஞ்சம்.

2003இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சோதனை வெளியானது. 423 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பினார்கள். மறு பாதிக்குச் சுருக்கமான ஆலோசனையும் படிக்கப் புத்தகமும். இரண்டு வருஷம் கழித்து முதல் பாதியில் சராசரியாக 2.9 கிலோ குறைந்திருந்தது. மறு பாதியில் 0.2 கிலோ. ஒரு வருஷ முடிவில் 4.3 கிலோவாக இருந்ததுதான் இரண்டாம் வருஷ முடிவில் 2.9 ஆனது. அதாவது ஏறத் தொடங்கிவிட்டது. இந்தச் சோதனையில் கட்டணம் இலவசம். கையிலிருந்து காசு கொடுக்கிறவர்கள் பாதியில் நின்றுபோவது இன்னும் அதிகமாகவே இருக்கலாம்.

2017இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்துச் சோதனையில் 1267 பேர். ஒரு வருஷம் முழுக்க வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் இரண்டாம் வருஷ முடிவில் 4.3 கிலோ குறைவாக இருந்தார்கள். வெறும் கையேடு கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் 2.3 கிலோ குறைவு. வித்தியாசம் 2 கிலோ. அங்கே கட்டணத்தைக் கட்டியவர் நோயாளி இல்லை.

விலையைப் பார்ப்போம். 2015இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வுத் தொகுப்பு மாதச் செலவைக் கொடுத்திருந்தது. வெயிட் வாட்சர்ஸ் 43 டாலர், நியூட்ரிசிஸ்டம் 280, ஜென்னி கிரெய்க் 570, சாப்பாட்டுப் பொட்டலங்களும் சேர்த்து. பன்னிரண்டு மாதத்தில், சும்மா ஆலோசனை பெற்றவர்களைவிட வெயிட் வாட்சர்ஸ்காரர்களுக்குக் குறைந்தது 2.6 சதவீதமும் ஜென்னி கிரெய்க்காரர்களுக்குக் குறைந்தது 4.9 சதவீதமும் கூடுதலாக எடை இறங்கியது. விலை பதிமூன்று மடங்கு, பலன் இரண்டு மடங்குக்கும் குறைவு. ஒரு வருஷத்துக்கு அப்பால் என்ன ஆச்சு என்பதற்குப் பெரும்பாலான கம்பெனிகளிடம் சோதனையே கிடையாது.

அரசுக்கு இது தெரியாததல்ல. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று ரான் வைடன் தலைமையில் இந்தத் தொழிலை விசாரித்தது. 1993இல் மத்திய வர்த்தக ஆணையம் ஆதாரமில்லாத விளம்பரம் என்று வெயிட் வாட்சர்ஸ், ஜென்னி கிரெய்க் உட்பட ஐந்து பெரிய நிறுவனங்கள்மீது குற்றம் சாட்டியது. மூன்று நிறுவனங்கள் உடனே சமரசத்துக்கு வந்தன. மற்ற இரண்டும் 1997வரை இழுத்தடித்தன. எடைக்குறைப்பு பலருக்குத் தற்காலிகமானதே என்கிற பொருளில் ஒரு வாசகத்தை விளம்பரத்தில் சேர்க்க வேண்டும் என்பது சமரச ஏற்பாட்டில் ஒன்று. அத்தோடு விஷயம் முடிஞ்சு போச்சு.

ஏன் தற்காலிகம்? பதில் 1945இலிருந்தே இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளைக்குச் சுமார் 1570 கலோரி. போரில் பட்டினி கிடந்த ஐரோப்பாவை எப்படி மீட்பது என்று அறியத்தான் அந்தச் சோதனை. அவர்கள் எடையில் கால்பங்கு போயிற்று. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்ததும் எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. உடம்பு முன்பிருந்ததைவிடக் கூடுதலாகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் நிறைய நடக்க வைக்கப்பட்ட ஆண்கள் என்பது வாஸ்தவம்தான். ஆனாலும், பஞ்சம் என்று மருத்துவம் பெயர் வைத்த அளவுக்குக் கீழே, 1200 கலோரியை, பெண்களுக்கு நல்லொழுக்கம் என்று எழுதிக் கொடுப்பது சகஜமாக இருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு உடம்பு தன்னை மீட்டுக்கொள்ளும். அதைத்தான் மன உறுதியின்மை என்று பெயரிட்டு அந்தப் பெண்ணின் தலையிலேயே கட்டினார்கள்.

வியாபாரத்துக்கு இது தோதாக அமைந்தது. சோப்பு அழுக்குப் போக்காவிட்டால் சோப்பு மோசம். இங்கே எடை இறங்கினால் திட்டத்தால், ஏறினால் உன்னால். வெற்றி கம்பெனிக்கு, தோல்வி வாடிக்கையாளருக்கு. தோற்றவள் வெட்கத்தோடு திரும்பி வந்து மறுபடியும் பணம் கட்டுகிறாள். நிறுவனத்தின் முன்னாள் நிதி இயக்குநர் ஒருவரே 2013இல் பிபிசி ஆவணப்படத்தில் இதை ஒளிக்காமல் சொன்னார். எடையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்கள் திரும்ப வருவதில்தான் தொழில் நிற்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

5. ஒரே கை ஊட்டும், ஒரே கை தடுக்கும்

1978இல் ஹெய்ன்ஸ் கம்பெனி ஏழு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வெயிட் வாட்சர்ஸை வாங்கியது. தக்காளி கெச்சப் விற்கிற கம்பெனி. 2000 ஏப்ரலில் யூனிலீவர் ஒரே நாளில் இரண்டு கொள்முதலை அறிவித்தது: பென் அண்ட் ஜெரிஸ் ஐஸ்கிரீம், ஸ்லிம்ஃபாஸ்ட் இளைப்புப் பானம். 2006இல் சாக்லேட் விற்கிற நெஸ்லே 60 கோடி டாலருக்கு ஜென்னி கிரெய்க்கை வாங்கியது. முதலாளித்துவ முரண்பாடு என்று நாம் மூச்சைப் பிடித்து விளக்க வேண்டியதை அவர்கள் பங்குதாரர் அறிக்கையில் போட்டுக் காட்டிவிட்டார்கள். பசியைக் கிளப்பும் துறையும் பசியை அடக்கும் துறையும் ஒரே கல்லாவில்.

அடுத்த கட்டம் நிதி மூலதனம். 1999இல் ஐரோப்பிய முதலீட்டுக் குழுவான ஆர்ட்டால் 73.5 கோடி டாலருக்கு வெயிட் வாட்சர்ஸை வாங்கியது. விலையின் பெரும்பகுதி கடன். அதைக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில். 2012இல் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்காக நிறுவனம் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் செலவிட்டது; அதற்கும் கடன். கூட்ட அறைக்கோ தலைவிகளின் கூலிக்கோ இந்தப் பணம் போகவில்லை, பங்குதாரர்களுக்குப் போனது. ஆக, 2025இல் திவால் நீதிமன்றத்துக்கு நிறுவனத்தைக் கொண்டுபோன கடனில் பெரும்பங்கு எடைக்குறைப்பால் வந்ததல்ல. 18 டாலர் கூலிக்கு ஒருத்தி கூட்டம் நடத்தினாள். கூட்டத்துக்கு வந்தவள் கட்டிய சந்தா வட்டிக்குப் போனது. 'காசுக்குத் தகுமா' என்று கேட்கிறபோது இந்தக் காசின் பயணத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'குண்டர் தலைமறைவுக் குழு' என்று சொல்லத்தக்க பெயரோடு சில பெண்கள் இயங்கினார்கள். அவர்களில் ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டெபரன் என்ற பெயரில் எழுதியவரும் சேர்ந்து எழுதிய விடுதலை அறிக்கை, இளைப்புச் சங்கங்களையும் உணவுக் கட்டுப்பாட்டு மருத்துவர்களையும் மாத்திரைக்காரர்களையும் எதிரி என்று பெயர் சொல்லிக் குறித்தது. அவர்கள் மருத்துவ நூலகத்துக்குப் போய் ஆய்வேடுகளைப் படித்தார்கள். தோல்விதான் விதி, வெற்றி விதிவிலக்கு என்று அதிலேயே எழுதியிருப்பதைக் கண்டார்கள். ஆணையம் 1993இல் வந்து சேர்ந்த இடத்துக்கு இருபது வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களைப் பைத்தியம் என்றார்கள்.

6. ஊசி வந்த பிறகு

2021 ஜூனில் செமாக்ளூடைட் என்கிற ஊசிமருந்து எடைக்குறைப்புக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோதனையில் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை இறங்கியது. வாரம் ஒரு ஊசி, பசி அடங்குகிறது. பசி என்பது ஹார்மோன் சமாச்சாரம் என்று மருந்துக் கம்பெனியே நிரூபித்த பிறகு அறுபது வருஷ மன உறுதிப் பிரசங்கம் என்ன ஆகும்? பிரசங்கத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வெயிட் வாட்சர்ஸ் 2023இல் 10.6 கோடி டாலர் கொடுத்து, இந்த மருந்தை எழுதிக் கொடுக்கிற ஒரு தொலைமருத்துவ நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு ஜென்னி கிரெய்க் தன் நிலையங்களை மூடியது.

மருந்து பலருக்கு உண்மையாகவே பயன்படுகிறது, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது என்றும் அதே ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். ஆக, உடம்பு திரும்பி வருகிறது. வாடிக்கையாளரும் திரும்பி வருகிறார். சந்தாவின் பெயர் மாறியிருக்கிறது, தொகையும் கூடியிருக்கிறது. 2025இல் இந்த ஊசிகள் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டன. அதற்கு வெகுமுன்பே, 1989இல் டெல்லியில் தொடங்கிய விஎல்சிசி போன்ற நிறுவனங்கள் நம் ஊர்களில் இளைப்பு நிலையங்களைத் திறந்து பாதை போட்டிருந்தன. எனவே இது வேறு யாருடைய கதையோ அல்ல.

இங்கே சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேர். நடை, உணவு மாற்றம், தொடர்ந்த பேச்சு, ஆலோசனை. மூன்று வருஷத்தில், ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. இந்தக் குழுவில் 39.3 சதவீதம். இதில் முக்கியமான விஷயம், அவர்களுடைய எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. தராசு அசையாமலே நோய் தள்ளிப்போனது. எடைக்குறைப்பு வணிகம் விற்கிற எண்ணும் உடம்புக்குக் கிடைக்கிற நன்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட உள்ளூர்ச் சாட்சி வேண்டியதில்லை.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, தனி மனிதருக்கு நேரடியான பதில் இதுதான். மலிவான கூட்டத் திட்டம் இரண்டு வருஷத்தில் இரண்டு மூன்று கிலோ தரும். விலை கூடின திட்டங்கள் கூடின அளவுக்குத் தருவதில்லை. அதில் வேலை செய்கிற பகுதி, வாரம் தவறாமல் யாரோ ஒருவர் நம்மை எதிர்பார்த்து இருப்பதும் அவமானம் இல்லாமல் பேச முடிவதும். அதைக் காசு இல்லாமலும் செய்துகொள்ள முடியும். நைடிச்சும் ஆறு சிநேகிதிகளும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

இயக்கங்களில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு பதில் உண்டு. சந்தை உள்ளே வந்த வழியைப் பாருங்கள். நகரச் சுகாதாரத் துறையிடம் பட்டியல் இருந்தது, தராசு இருந்தது, சம்பளம் வாங்குகிற ஆள் இருந்தார். பிஸ்கட் தின்றேன் என்று ஒரு பெண் சொல்லக்கூடிய நாற்காலி மட்டும் இல்லை. அந்த ஒரு நாற்காலியைப் போட்டுத்தான் ஒரு கம்பெனி அறுபது வருஷம் சம்பாதித்தது. நம்முடைய ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வரிசையில் நிற்கிற பெண்களிடம் 'வாயைக் கட்டும்மா' என்பதற்கு மேல் எத்தனை வார்த்தை பேசப்படுகிறது? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான் வீடு வீடாக மாத்திரை கொண்டு போகிறார்கள். அந்தப் பெண்களுக்கு ஒழுங்கான சம்பளமும், ஒரு வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச நேரமும் வேண்டும் என்று கேட்பது எடைக்குறைப்பைப் பற்றிய கோரிக்கையும்தான். அதை நாம் கேட்காவிட்டால் அந்தத் திண்ணைக்கும் ஒருவர் மாதச் சந்தா போடுவார்.